தைலத்தில் வந்த சூடம்

கல்யாண மாப்பிள்ளைக்கு அம்மா எழுதுவது.

பத்திரிகை எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. உன் அப்பா வாசலில் பந்தல்காரரோடு வாழைமரத்தை எங்கே கட்டுவது என்று வழக்காடிக்கொண்டிருக்கிறார். அவர் ஜெயிக்கப்போவதில்லை, ஆனால் பொழுது நன்றாகப் போகிறது. எனக்கு லேபில் லீவு கொடுத்துவிட்டார்கள். வீட்டிலோ ஒரு வேலைக்கும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நான் சமையலுக்குப் போனால் உப்பைக்கூட மில்லிகிராமில் நிறுத்துத்தான் போடுவேன் என்று உன் சித்தி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால்தான் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ பாண்டிச்சேரியிலிருந்து வந்து இறங்கிவிட்டால் அப்புறம் மாமன், மச்சான், போட்டோகிராபர் என்று எல்லோரும் உன்னைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். எனக்கு உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நேரில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீ கேலி செய்வாய்.

நம் இருவருக்கும் ஒரே தொழில் என்பது உன் அப்பாவுக்குப் பெரிய குறை. அவருக்குப் பிறகு கரும்பைப் பார்க்க ஆள் இல்லை என்று கச்சிராயபாளையம் முழுக்கப் புலம்புவார். ஆனால் கேட்பவர்களிடம் ‘என் பையன் மருந்துக் கம்பெனி லேபில இருக்கான்’ என்று அவர் சொல்லும்போது குரல் ஒரு படி ஏறும், கவனித்திருக்கிறாயா? குரோமட்டோகிராபி என்ற பெயரை அவர் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை, ‘அந்தக் குரோமோ வேலை’ என்பார். ஒருமுறை நான் பொறுமையாக விளக்கினேன். உளுந்தூர்பேட்டை ஜங்ஷனிலிருந்து ஒரு பஸ், ஒரு லாரி, ஒரு மொபெட் எல்லாம் ஒன்றாகக் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்புகின்றன, ஒவ்வொன்றும் வந்து சேரும் நேரத்தை வைத்து எது எது என்று நான் சொல்லிவிடுவேன், எங்கள் குழாய்க்குள்ளும் கலவையில் இருக்கும் பொருட்கள் அப்படித்தான் தனித்தனியாக வந்து சேரும், வரும்போது ஒவ்வொன்றும் திரையில் ஒரு முகடு வரையும் என்றேன். “அப்ப வழியில டீக்கடையில நிக்கறவன் லேட்டா வருவான், அதான?” என்று கேட்டார். அதேதான். அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு எம்.எஸ்ஸியில் ஒரு செமஸ்டர் ஆனது.

நீ இந்தத் தொழிலின் முதல் பாடத்தைக் கற்றதும் அவருடைய கரும்புக் கொல்லையில்தான். சொட்டுநீர்க் குழாய் போட்ட புதிதில் அவர் உரத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக விட்டார். விட்டு முடித்ததும் வெறும் தண்ணீரை ஓட்டிக் கழுவாமல் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் உப்புப் படிந்து பாதித் துளைகள் அடைப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ, பையைக்கூடக் கழற்றாமல், குண்டூசியால் ஒவ்வொரு துளையாகக் குத்திக்கொண்டு போனாய். உன் அப்பாவைத் திட்டியபடியே பின்னால் நான் வந்தேன். இப்போது உன் லேபில் பஃபர் என்ற உப்புக் கரைசலை ஓட்டிவிட்டு, சனிக்கிழமை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பம்பை அப்படியே நிறுத்திவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் அந்தக் குண்டூசியை அவர்களுக்குச் சொல். உன் குழாய்க்குள் குத்திவிட ஊசி நுழையாது, அதனால் முதலில் தண்ணீர், பிறகுதான் கரைப்பான், அதற்கப்புறம் பஸ். கரைப்பானை வடிகட்டாமல், காற்றுக் குமிழ் எடுக்காமல் மெஷினில் வைக்காதே. பாட்டிலைத் திறந்த அன்றே தேதி எழுதி ஒட்டு. நேற்றுத் திறந்ததாகத்தான் எல்லோருக்கும் எப்போதும் தோன்றும்.

இதெல்லாம் உனக்குத் தெரியும், தெரிந்ததையே சொல்வதுதான் என் வேலை. நான் சேர்ந்தபோது எங்கள் லேபில் இருந்த பழைய மெஷின் ஒரு சாம்பிளுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஊசி போட்டுவிட்டுப் போய் இட்லி சாப்பிட்டு வருவோம். இப்போது உன்னுடைய குழாய்களில் அடைத்திருக்கும் தூள் அவ்வளவு பொடி, அழுத்தம் அவ்வளவு அதிகம், டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. முகடுகளுக்கு அடியில் இழுக்கும் கோட்டை யார் தொட்டார்கள் என்பதைக் கம்ப்யூட்டரே குறித்து வைக்கிறது. முகடு வந்தால் போதாது என்று, அது இன்ன பொருள் என்று பெயரையும் சேர்த்துச் சொல்லும் மெஷின் எங்கள் கள்ளக்குறிச்சிக்கே வந்துவிட்டது. உன் கல்யாணம் நிற்கப் பார்த்ததும் அந்த மெஷினால்தான்.

நீ பார்த்தது பாதிக் கதை. மீதியை நான் சொல்கிறேன், கேள்.

தேன்மொழியின் அப்பா, உன் மாமனார், வெள்ளிமலைப் பக்கத்தில் சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்தவர். நாலைந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு வரப்போரத்தில் எலுமிச்சைப்புல் நட்டார், அடுப்பில் பெரிய கொப்பரை வைத்துத் தைலம் வடித்தார். சென்னையில் ஒரு சோப்புக் கம்பெனி மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்றது, ஆனால் லேப் சர்ட்டிபிகேட் வேண்டும் என்றது. பக்கத்தில் இருக்கும் லேப் எங்களுடையது. சம்பந்தியாகப் போகிறவர் சாம்பிள் என்று நான் முதலிலேயே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். புது மெஷினை ஓட்டப் பயிற்சி எடுத்தவள் நான் ஒருத்திதான் என்பதால், பெயரை மறைத்து நம்பர் போட்டு வையுங்கள் என்றார். நம்பர் போட்டு என்ன பயன்? மூடியைத் திறந்ததுமே அந்த மலையின் வாசனை ஆளைத் தூக்கியது.

தைலத்தில் இருக்க வேண்டியதெல்லாம் இருந்தது. எலுமிச்சை வாசனையைத் தரும் சிட்ராலின் முகடு நெட்டையாக, அழகாக வந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, உன் மாமனார் கெட்டிக்காரர் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டே மற்றவற்றைப் பார்த்தேன். நடுவில் ஒரு சின்ன முகடு, இருக்கக்கூடாத இடத்தில் நின்றது. மெஷின் அதற்குப் பெயரும் சொன்னது, சூடம். நாம் சாமிக்கு ஏற்றுகிற அதே சூடம். எலுமிச்சைப்புல்லில் சூடத்துக்கு வேலை இல்லை. மலிவான எண்ணெய் எதையாவது கலந்தால்தான் வரும். கரைப்பானை மட்டும் ஓட்டிப் பார்த்தேன், அது சுத்தமாக இருந்தது. தைலத்தை மறுபடி ஓட்டினேன், சூடம் மறுபடி வந்தது.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் பிசகு. சர்ட்டிபிகேட்டை எழுதாமல் நிறுத்தியது சரி. ஆனால் என் மேசையை முழுதாகச் சோதிப்பதற்கு முன்னால் உன் மாமனாரைக் கூப்பிட்டு, தைலத்தில் ஏதாவது கலந்தீர்களா என்று கேட்டுவிட்டேன். தன்மையாகத்தான் கேட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைத் தன்மையாகக் கேட்க முடியாது. அவர் உட்காரவில்லை, கொடுத்த மோரையும் தொடவில்லை.

“இன்னாங்கம்மா, எங்க மலையில சூடமா வெளையுது?” என்றார். “சாமி கும்புடற சூடத்தையே நாங்க கச்சிராயபாளையம் எறங்கி வாங்கிகினு போறோம். கீழ இருக்கறவங்க எப்பவும் இப்பிடித்தான். மலையான் தேன் கொணாந்தா வெல்லம் கலந்துட்டான்றது, புளி கொணாந்தா கொட்டைய சேத்துட்டான்றது. நீங்களும் அத்தையே சொல்றீங்க. வேற பாட்டில் கொணாந்து தரேன், பாருங்க.”

வேறு பாட்டில் வேண்டாம் என்றேன். அதில் சூடம் இல்லாமல் போனால் முதல் பாட்டிலில் இருந்தது என்று ஆகிவிடுமே தவிர, இல்லை என்று ஆகாது. வந்த சாம்பிளில் பாதியைச் சீல் வைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தேன், அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதை அவருக்கு விளக்கினேன். அவர் காதில் விழுந்தது ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் மட்டும்தான். அன்று மாலையே உன் அப்பாவுக்குப் போன் வந்தது. நிச்சயத்தை இப்போதைக்குத் தள்ளி வைப்போம், மழை முடியட்டும் என்றார்களாம். மழை ஆரம்பிக்கவே இல்லை.

பிறகு நீ கூப்பிட்டாய். நீ சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. “அம்மா, பேஸ்லைன் கோட்டக் கொஞ்சம் தூக்கி வெச்சா அந்தப் பொடி முகடு கணக்குலயே வராது. எனக்காக ஒரு தடவ பண்ணக்கூடாதா?”

மாட்டேன், அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்கிறேன் என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அப்பாவோடு மட்டும் பேசினாய். அவர் போனை என் பக்கம் நீட்டினால் டவர் இல்லை என்பாய். பாண்டிச்சேரியில் டவர் இல்லையாம்.

உண்மையைச் சொல்லட்டுமா? உன் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற கவலை எனக்கு இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய கவலை வேறு. நீ இருப்பது மருந்து லேபில். ஒரு சிரப் பாட்டிலில் இருக்கக்கூடாத முகடு ஒன்று தலைகாட்டும்போது, மேலே இருக்கிறவர் ‘எனக்காக ஒரு தடவை’ என்று கேட்டால் என் பிள்ளை என்ன செய்வான்? கோட்டை எப்படித் தூக்கினால் முகடு மறையும் என்பது அவனுக்கு அவ்வளவு சரளமாக வருகிறதே. இந்த நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். பிள்ளைக்குப் பெண் மேல் ஆசை, அதில் உளறிவிட்டான், விடு என்றார். ஆசையில் உளறுகிறவன் பயத்தில் என்னென்ன செய்வான் என்று நான் கேட்டதும், டார்ச்சை எடுத்துக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

சூடம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் முதலாளியை உனக்குத் தெரியும், வெள்ளிதோறும் மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் சூடம் ஏற்றிக் காட்டாமல் அவருக்கு நாள் விடியாது. லேபுக்குள் நெருப்புக் கூடாது என்று நான் சண்டை போட்ட பிறகுதான் வாசலுக்குப் போனார். புது மெஷின் வந்தபோது இடம் போதாமல் சாமி அலமாரியைக் கழற்றினோம். படங்கள் ஆபீஸ் ரூமுக்குப் போயின. அன்று குப்பிக்கு மூடி எடுக்கலாம் என்று நான் மெஷின் மேசை டிராயரைத் திறந்தேன். முதலாளி பின்னாலிருந்து, “கொஞ்சம் இருங்கம்மா” என்று கையை விட்டு, மூடிப் பாக்கெட்டுக்கு அடியிலிருந்து சூட டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். அலமாரி போனதிலிருந்து அவர் டப்பாவை அங்கேதான் வைத்து வந்திருக்கிறார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் மூடிகளுக்குள் ஒரு சிலிகோன் ரப்பர் வில்லை இருக்கும். அது வாசனையைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஊசி குத்தி உள்ளே போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். ஒரு மூடியை எடுத்து முகர்ந்தேன். மாரியம்மன் கோயில் வாசல்தான். பழைய மெஷினாக இருந்தால் இந்தத் துளியூண்டு சூடம் அதன் கண்ணிலேயே பட்டிருக்காது. புதியது பார்த்துவிட்டது, பெயரும் சரியாகச் சொன்னது. யாருடைய சூடம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

சரி, நான் வெறும் கரைப்பானை ஓட்டியபோது ஏன் வரவில்லை? அதற்கு நான் எடுத்தது மெஷின் பெட்டியோடு வந்து தட்டில் கிடந்த பழைய மூடி. தைலக் குப்பிக்கு மட்டும் டிராயரிலிருந்து புது மூடி போட்டிருந்தேன். தைலம் போன வழியில் என் கரைப்பான் போகவே இல்லை. உன் பிள்ளைகளுக்கு நீ என்ன சொல்லிக்கொடுப்பாயோ தெரியாது, உன் லேப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடு. அதே பாட்டில், அதே குப்பி, அதே மூடி, அதே ஊசி, தைலம் ஒன்று மட்டும் இல்லாமல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் பொருளைப் பற்றி வாயைத் திறக்கலாம். வீட்டிலும் இது உதவும். தேன்மொழியிடம் ஏதோ சரியில்லை என்று உனக்குத் தோன்றும் நாளில், அன்று நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று முதலில் பார்த்துக்கொள்.

டிராயர் மூடியைப் போட்டு வெறும் கரைப்பானை ஓட்டினேன். சூடம் வந்தது. சீல் வைத்த மீதித் தைலத்தை எடுத்து, வெளியிலிருந்து வாங்கிவரச் சொன்ன மூடியைப் போட்டு ஓட்டினேன். சிட்ரால் நெட்டையாக நின்றது, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் கைதட்டிவிட்டேன். முதலாளி ஓடிவந்து என்ன ஆச்சு என்றார். காரணத்தைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அவரே டிராயரைக் கழுவினார். அந்த வேலையை அவர் செய்து நான் பார்த்ததில்லை.

சர்ட்டிபிகேட்டைத் தபாலில் அனுப்பியிருக்கலாம், போனில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்ட கேள்வியை நேரில் கேட்டேன், அதனால் நேரில்தான் போக வேண்டும் என்று மறுநாள் காலை வெள்ளிமலை பஸ் ஏறினேன். உன் மாமனார் பாறைமேல் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். தேன்மொழி என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிப் பாயை எடுத்து வந்தாள். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். சூடம் எங்களுடையது, உங்கள் தைலம் சுத்தம், நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். அவர் சாமையைக் கிளறிக்கொண்டே கேட்டார். முடித்ததும் சிரித்தார். உட்காருங்க சம்மந்தியம்மா என்றார். அந்த ‘சம்மந்தியம்மா’ எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நான் சர்ட்டிபிகேட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லையே, அதற்குள் எப்படி?

அப்போதுதான் சொன்னார். “ஒங்க பையன் போன ஞாயித்துக்கெழமையே வந்துட்டுப் போச்சிங்களே, ஒங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. பாண்டிச்சேரியிலிருந்து உளுந்தூர்பேட்டை, அங்கிருந்து கள்ளக்குறிச்சி, அங்கிருந்து மலை. நம் ஊர் நிறுத்தத்தைத் தாண்டித்தான் நீ போயிருக்கிறாய், இறங்கவில்லை.

“இங்கதான் நின்னான்,” என்றார். “நின்னுகினே சொன்னான். ‘மாமா, எங்கம்மாகிட்ட அந்தச் சூடத்த மறைச்சிடச் சொன்னேன், அவங்க மாட்டேன்னுட்டாங்க. ஒங்க எண்ணெய் சுத்தம்னு நம்பியிருந்தா நான் மறைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். அப்ப ஒங்கள சந்தேகப்பட்டது எங்கம்மா இல்ல, நான்தான். அவங்க தேடிகினு இருக்காங்க, தேடி முடிக்கட்டும்’னான். எனக்குக் கோவமே வரலீங்க. அன்னிக்கே எம்பொண்ணுகிட்ட சொல்ட்டேன், எண்ணெய் எப்பிடியாவது போவட்டும், பையன் இவன்தான்னு. அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு கேட்டுகினான். நான் சரின்னேன். இப்ப சொல்ட்டேன், இன்னா பண்றது.”

தம்பி, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ மலை ஏறிப் போனது எனக்குத் தெரியும். இத்தனை நாளாகத் தெரியும். அதற்கு முன் என் பிள்ளையை நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதையும் மேலே எழுதிவிட்டேன், எழுதியதை அடிக்கவில்லை. உன் லேபில் உன்னிடம் யார் வந்து எதைக் கேட்டாலும் இனி எனக்குப் பயம் இல்லை. தைலம் சென்னைக்குப் போகிறது. நிச்சயம் நடந்தது. நீ என் பக்கத்தில் ஒன்றும் நடக்காதவன்போல உட்கார்ந்து கேசரி தின்றாய், நானும் ஒன்றும் தெரியாதவள்போல இன்னொரு கரண்டி வைத்தேன்.

அன்று இறங்கி வரும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, மலை பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, முந்தானையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, முகர்ந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். என் பையன் நல்லவன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. பழத்தை வாங்கி முகர்ந்துகொண்டேன்.

அம்மா